காசிமேட்டுச் செதிலில் எலும்புக்குச் சாரம்: செய்யக் கூடாத தவறுகள்

மீன் செதிலின் கொலாஜன் என்ற புரதத்தில் நான் முதன்முதலில் செய்த எலும்புச் சாரம் (scaffold) ஒரே ராத்திரியில் கஞ்சியாகிப் போனது. சாயங்காலம் பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்த துண்டுகளைத் தட்டின் குழிகளில் செல் வளர்ப்புத் திரவத்தில் போட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு ராயபுரத்துக்கு வீடு திரும்பினேன். காலையில் வந்து பார்த்தால் குழிகளில் திரவம் மட்டும்தான் இருந்தது. துண்டுகளை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன்.

சாரம் என்றால் கட்டட வேலையில் சவுக்குக் கட்டை நட்டுக் கட்டுவார்களே, அதேதான். விபத்தாலோ கட்டியை வெட்டி எடுத்ததாலோ எலும்பில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டால் அது தானாக மூடாது. நுண்துளைகள் நிறைந்த ஒரு துண்டை அங்கே வைத்தால் செல்கள் அதில் ஏறிப் புது எலும்பைக் கட்டும். எலும்பு எழ எழச் சாரம் கரைய வேண்டும். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன். இரண்டுமே மீன் கழிவில் இருக்கின்றன. இறால், நண்டு ஓட்டிலிருந்து, சாரம் செய்ய உதவும் கைட்டோசான் என்ற இன்னொரு பொருளையும் எடுக்கலாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வடசென்னை மாணவர்களுக்கு இந்த புராஜெக்ட் மேல் ஆசை வராமல் இருக்குமா?

என் கஞ்சிக்கு வருகிறேன். கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. மீன் வாழும் தண்ணீரின் சூட்டுக்குத் தகுந்தபடிதான் அந்த முறுக்கு நிற்கும். குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் 15 டிகிரி வாக்கிலேயே முறுக்கவிழ்ந்துவிடும். நம் ஊர் மீன்கள் பரவாயில்லை, 30 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். ஆனால் உடம்புச் சூடு 37. மாட்டுத் தோல் கொலாஜனுக்கு எழுதிய செய்முறையை அப்படியே மீனுக்குப் போட்டதுதான் நான் செய்த தவறு. இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு போட்டே ஆக வேண்டும். அதற்கு குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனம் மலிவு, கைக்கும் எளிது. ஆனால் கழுவியும் போகாமல் தங்கும் மிச்சம் செல்லைக் கொல்லும். அதே வேலையைச் செய்யும் ஜெனிபின் விலை கூடினாலும் நிம்மதி.

இதைவிடப் பெரிய தவறு ஆய்வகத்துக்கு வெளியே, மீன் வாங்கும் இடத்திலேயே நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவிடம் போய் ஒரு பை செதில் கேட்டேன். அருவாமனைக்குக் கீழே குவிந்ததை அப்படியே வாரிப் போட்டுவிட்டு, "இன்னா தம்பி, மீன வுட்டுட்டு செதில வாங்கினு போற?" என்று சிரித்தார். நான் நோட்டில் 'கடல் மீன் செதில், வஞ்சிரம்' என்று எழுதிக்கொண்டேன். வஞ்சிரத்தில் உரிக்கிற அளவுக்குச் செதிலே கிடையாது என்பது கூட அன்றைக்கு உறைக்கவில்லை. பையைக் கொட்டிப் பிரித்தால் சங்கரா, கொடுவா, அவற்றோடு ரூபாய்க் காசு அகலத்தில் கட்லாச் செதில். கட்லா கடலையே பார்க்காத மீன்.

கலந்த செதிலில் எடுத்த கொலாஜன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் சந்தைக்கு வரும் மீனின் வகையே மாறிவிடும். மார்ச்சில் ஒரு பை, மே மாதம் ஒரு பை என்று வாங்கி இரண்டையும் ஒரே பொருளாக எழுதினால் முடிவுகள் ஏன் ஒட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே மீன், முழு மீனாக வாங்கி, கண்ணெதிரே உரித்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்த செதில், வேலை தொடங்கும் முன்னாலேயே கெட ஆரம்பித்துவிடும்.

'இயற்கைப் பொருள்தானே' என்ற தைரியமும் ஆபத்து. எண்ணூர்க் கழிமுகத்து நண்டும் இயற்கைதான். அதையொட்டிய கடலில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் படர்ந்தது; அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. உடம்புக்குள் வைக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஆர்செனிக் 3, காட்மியம் 5, பாதரசம் 5, காரீயம் 30 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தர வரம்பு. இந்தச் சோதனையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் பையிலேயே செய்துவிடுங்கள்.

கணவாய் ஓட்டில் நடக்கும் கூத்து தனி. சித்த மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அதுதான். உள்ளே அடுக்கடுக்காக, தூண் நிறுத்திய மாடி வீடு மாதிரி இருக்கும். எலும்புச் சாரத்துக்குச் சொல்லிவைத்தது போன்ற அமைப்பு. மீன் முள்ளை உலையில் சுட்டால் ஹைட்ராக்ஸிஅபடைட் கிடைக்கிறதே என்று எங்கள் ஜூனியர் ஒருவன் இதையும் 900 டிகிரியில் சுட்டுவிட்டான். வெளியே எடுத்துத் தண்ணீர் விட்டதும் புஸ்ஸென்று கொதித்தது. சுட்ட சுண்ணாம்பு! கிளிஞ்சல் சூளையில் காலங்காலமாகச் செய்வதை அவன் ஆய்வகத்து மஃபிள் உலையில் செய்திருக்கிறான். மீன் முள்ளில் பாஸ்பேட் ஏற்கெனவே இருக்கிறது. கணவாய் ஓடு வெறும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். அமோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலோடு அழுத்தக் கலனில் அடைத்து, 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்தால் அடுக்கு கலையாமல் பொருள் மட்டும் மாறும். பவளத்தில் இந்த வித்தையை ராய், லின்னஹான் என்ற ஆய்வாளர்கள் 1974லேயே செய்து காட்டிவிட்டார்கள்.

கைட்டோசானில் ஒன்றே ஒன்று: அதை அசிட்டிக் அமிலத்தில்தான் கரைக்கிறோம். உறைய வைத்து உலர்த்திய பிறகு அந்த அமிலத்தை நடுநிலையாக்காமல் செல்லைப் போட்டால் செல் சாகும்; பழி கைட்டோசான் மேல் விழும்.

துளைகளைப் பற்றி. 100 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே எலும்பு சரியாக நுழையாது. இரத்தக் குழாயும் கூடவே வர வேண்டுமென்றால் 300க்கு மேல் நல்லது. உறைய வைத்து உலர்த்தும்போது பனிப்படிகம் இருந்த இடம்தான் துளையாகிறது. மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகும், துளையும் பெரிதாகும். திரவ நைட்ரஜனில் முக்கினால் துளை பொடிப்பொடியாகிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரிகிற துளை மேல்தோலோடு நின்றிருக்கலாம். டீயில் முக்கிய பொறை நடுவரை ஊறுகிறதே, அப்படி ஊற வேண்டும். சாயத் தண்ணீரில் போட்டு, குறுக்கே வெட்டிப் பாருங்கள். பத்து ரூபாய் செலவில்லை.

வலிமையை ஈரத்தில் அளக்க வேண்டும். காய்ந்த துண்டு காட்டும் எண்ணை நம்பி 'எடை தாங்கும்' என்று எழுதுவது அபத்தம். பஞ்செலும்புக்கே 2 முதல் 12 மெகாபாஸ்கல் அமுக்க வலிமை வேண்டும். கிருமி நீக்கத்துக்குப் பிறகும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வைத்த கொலாஜன் ஜெலட்டினாகிவிடும், 70 சதவீத ஆல்கஹாலோ கிருமிகளின் வித்துகளைக் கொல்லாது, காமாக் கதிர் இழைகளை வெட்டும்.

பரிசோதனை முடிவுகளில்தான் நாம் நம்மையே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். கொகுபோ என்ற ஜப்பானிய ஆய்வாளரின் செயற்கை உடல்திரவத்தில் ஊறவைத்து மேலே எலும்புக் கனிமமான அபடைட் படிந்துவிட்டால் 'எலும்பு வளர்க்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் திரவத்தில் செல்லும் இல்லை, புரதமும் இல்லை. எம்ஜி-63 செல் நன்றாகப் பெருகியது என்பார்கள். அது எலும்புப் புற்றுநோயிலிருந்து வந்த செல், பெருகுவதுதான் அதன் வேலை.

அலிசரின் சிவப்பு இன்னும் மோசம். செல்கள் கனிமம் படியவைத்ததா என்று பார்க்கப் போடும் சாயம் அது. கால்சியம் எங்கிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். எங்கள் தட்டில் 21ஆம் நாள் குழிகள் குங்குமம் கொட்டியது போலச் சிவந்தன. ஆளுக்கொரு போட்டோ எடுத்தோம். பிறகுதான் மேடம் வந்து, செல் போடாத வெறும் சாரத்துக்கும் அதே சாயத்தைப் போடச் சொன்னார். அதுவும் சிவந்தது. சாரத்திலேயே ஹைட்ராக்ஸிஅபடைட் இருக்கும்போது சிவக்காமல் என்ன செய்யும்?

எலிக்குப் போகும்போதும் இதே கணக்குதான். நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, மண்டையோட்டில் பள்ளம் போடும்போது அது தானாக ஆறாத அளவாக இருக்க வேண்டும். எலியில் 8 மில்லிமீட்டர் என்பது வழக்கம். சிறியதாகப் போட்டால் எதை வைத்தாலும் மூடிவிடும். எதுவும் வைக்காத பள்ளத்தோடு சில எலிகளைக் கட்டாயம் விட்டுவையுங்கள்.