பெண் பிள்ளைக்கு மிருதங்கம்: கடையிலிருந்து தனி ஆவர்த்தனம் வரை

முதலில் கடைக்குப் போவோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"பொண்ணுக்கா? அப்போ 22 இஞ்ச் போதும்" என்பார் கடைக்காரர். நல்ல மனசோடுதான் சொல்வார். எட்டு வயசுக் குழந்தைக்குக் கை எட்டாது என்றால் சின்னது சரி, அது பையனுக்கும் சரி. ஆனால் மிருதங்கத்தின் நீளம் பாடுகிறவரின் சுருதியைப் பொறுத்தது; சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். பெண் குரல் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள் நிற்கும், அதற்கு 22 இஞ்ச் ஹெச்சு (மேல் சுருதி) மிருதங்கம். ஆண் குரல் ஒரு கட்டையிலிருந்து இரண்டரைக்குள், அதற்கு 24 இஞ்ச் தக்கு (கீழ் சுருதி) மிருதங்கம். சின்னதை ஒரு கட்டைக்கு இறக்கினால் தோல் தொய்ந்து நாதமே வராது. பெரியதை ஐந்துக்கு ஏற்றினால் தோல் கிழியும்.

என்னிடம் எட்டு வருஷம் 22 மட்டும்தான் இருந்தது. தக்கு மிருதங்கம் இல்லாததால் ஆண் பாடகர்கள் கூப்பிடவில்லை. அவர்கள் கூப்பிடாததால் தக்கு மிருதங்கம் எதற்கு என்று வீட்டில் வாங்கித் தரவில்லை. அப்புறம் ஊரெல்லாம், "அவங்க லேடீஸுக்குத்தான் வாசிப்பாங்க" என்று பேச்சு. ஆகவே பிள்ளை நாலு வர்ணத்துக்கு வாசிக்கத் தெரிந்துகொண்டதும், நகைச்சீட்டுப் பணத்தை எடுத்தாவது 24 ஒன்று வாங்கிவிடுங்கள்.

உட்காருவது பற்றிப் பாட்டிமார்களுக்குத்தான் கவலை அதிகம். வலது காலைக் கொஞ்சம் நீட்டி, கணுக்கால் பக்கம் வாத்தியத்தைத் தாங்கி உட்கார வேண்டுமே, புடவையில் எப்படி என்பார்கள். பருத்திப் புடவையாகக் கட்டி, கொசுவத்தை அகலமாக வைத்தால் ஒன்றும் ஆகாது. பட்டு வழுக்கும். வளையல், மோதிரம் இரண்டு கையிலும் கழற்றிவிட வேண்டும். "வெறுங்கையோட மேடையிலயா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: த, தி, தொம், நம், மூன்று காலத்தில் (வேகத்தில்). இடது கைக்குப் பலம் போதாது என்று பெண்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், கும்கி என்கிற குழைந்த ஓசை வருவது அடிக்கிற பலத்தால் வருவதில்லை. அடித்த கையை எடுக்காமல் மணிக்கட்டால் அழுத்தி வழித்துக்கொண்டு போகிறபோது வருகிறது. சப்பாத்தி மாவு பிசைகிறவளுக்கு அந்த அழுத்தம் தெரியாதா? மாவு என்றதும் ஞாபகம் வருகிறது, தொப்பியில் அப்புகிற ரவையை ரொம்பத் தண்ணீராகப் பிசைந்துவிடாதீர்கள், வாசிக்க வாசிக்க வழியும். வாசித்து முடித்ததும் மறக்காமல் சுரண்டி எடுங்கள்.

விரல் காய்க்கும். என் அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்து, "கைய தொட்டுப் பாக்கற மாப்பிள்ளை பயந்துடுவான்" என்றார். தேங்காய் எண்ணெய் தடவினால் எரிச்சல் அடங்கும். அத்தைக்கு மருந்தில்லை.

மாதத்தில் மூன்று நாள் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்ற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கச்சேரித் தேதி அதைப் பார்த்து விழாது. இதை வீட்டில் முதல் வருஷமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேடை. சுருதி சேர்க்கிற கல்லும் புள்ளும் (மரத்துண்டு) உங்கள் கையிலேயே இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் மூட்டில், அதாவது தோலின் பின்னல் விளிம்பில், தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சபாவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "குடும்மா, நான் சேத்துத் தரேன்" என்று கல்லை வாங்கிக்கொண்டார். கால் கட்டை தூக்கிவிட்டுப் போனார். பாடகி தம்புராவை வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் மறுபடி மூட்டில் வார் கோத்த ஒவ்வொரு கண்ணாக இறக்கினேன். மேலிருந்து மூட்டை அடித்தால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். பிள்ளை இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வரை மேடையேற்றாதீர்கள். கல் கேட்கிறவர்களுக்கு, "ஆச்சு மாமா" என்ற ஒரு வார்த்தை போதும்.

பெண்களுக்கு வாசிப்பதில்லை, பெண் பக்கவாத்தியம் வேண்டாம் என்பதெல்லாம் பழைய கதை என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு பழசில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமலே இருந்தார். பிற்காலத்தில்தான் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார், அவர்கள் சம்பந்திகளும்கூட. ராகம் தானம் பல்லவி ஆண்கள் சொத்து என்றிருந்த நாளில் அதைப் பாடி "பல்லவி பட்டம்மாள்" என்று பேர் வாங்கியவர் அவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் காசில் கோயில் கட்டிய பாடகி நாகரத்தினம்மாளுக்கே ஆராதனையில் பாட இடமில்லை. பெண்களைச் சேர்த்துத் தனியாக நடத்தினார். 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி பட்டத்தை முதல்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, 1968இல்தான் கொடுத்தது. பாட்டுக்கே இந்தக் கதி. அந்தக் காலத்திலேயே மிருதங்கத்தைக் கையில் எடுத்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்க வித்வான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் சிஷ்யை. இந்தப் பேரைப் பிள்ளைக்கு முதல் பாடத்தன்றே சொல்லிக் கொடுங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு பயிற்சி. என் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தனி ஆவர்த்தனங்களை (பாட்டு நிற்க, தாள வாத்தியம் தனியாக வாசிக்கிற பகுதி) போனில் போட்டுக் காட்டினேன். இரண்டும் என் பிள்ளைகள் வாசித்தது. "முதலாவதுதான் பையன், என்ன கனம்!" என்றார்கள். இரண்டாவது "நளினம்". முதலில் வாசித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண், நளினமாக வாசித்தவன் அவள் அண்ணன். நானும் யோக்கியமில்லை. ஒரு பெண் கடம் வாசித்ததை முதன்முதலில் பார்த்தபோது முதல் பாட்டு முழுக்க அவர் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் தனி ஆரம்பிக்கும்போது கண்ணை மூடித் தாளம் போடுங்கள். நடை எங்கே மாறுகிறது, தீர்மானம் (மூன்று தரம் திரும்பி வந்து முடிகிற சொற்கட்டு) எந்த இடத்தில் எடுத்து எங்கே விழுகிறது என்று கையில் எண்ணுங்கள்.

கச்சேரி முடிந்ததும் பாராட்ட வருவார்கள். "ஆம்பளை மாதிரி வாசிச்சே" என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. கோபப்படாதீர்கள், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "எந்தக் கோர்வை பிடிச்சுது?" என்று கேளுங்கள்; கோர்வை என்பது தனியில் வருகிற கணக்குச் சொற்கட்டு. பாதிப் பேர் புடவை நிறத்துக்குப் போய்விடுவார்கள். போன மார்கழியில் ஒரு பெரியவரிடம் இப்படிக் கேட்டேன். படியிலேயே உட்கார்ந்து, தொடையில் மிஸ்ர சாப்பு தாளம் போட்டு, நான் வாசித்த கோர்வையைச் சொல்லிக் காட்டினார். மூன்றாவது தடவையில் ஒரு எண்ணிக்கை தள்ளிப்போயிற்று. "இருங்கோ" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். என் ஆட்டோ போய்விட்டது.