ஜன்னல் தொட்டியில் தொங்கவிட எந்தச் செடி?

நர்சரிக்குப் போகும் முன் ஜன்னலில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று பாருங்கள். ஐந்தாறு மணி நேரம் காய்ந்தால் டேபிள் ரோஸ்தான் சரி. நான்கு அங்குலத் தண்டை ஒடித்து, மணல் கலந்த மண்ணில் செருகினாலே வேர்பிடித்துவிடும். நிழலில் வைத்தால் தண்டுதான் நீளும், மொட்டு விரியாது. தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, தொட்டி விளிம்பு தெரியாமல் அடர்த்தியாக வழியும்.

வெயிலே படாத, ஆனால் வெளிச்சமுள்ள ஜன்னலா? மணி பிளான்ட் வையுங்கள். மேற்கு வெயிலில் அதன் இலை கருகிவிடும். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் மணி பிளான்ட் வேண்டாம், கடித்தால் வாய் எரியும். ஸ்பைடர் பிளான்ட் வாங்குங்கள்.