மைன்கிராஃப்ட் சர்வருக்கு ரவுட்டரில் போர்ட் திறப்பது எப்படி

பையன் தன் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறான், ஆனால் பக்கத்துத் தெரு நண்பனால் உள்ளே வர முடியவில்லை. உடனே நிறையப் பேர் செய்வது, ரவுட்டரின் ஃபயர்வாலையே (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலை) அணைத்துவிடுவது, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை டிஎம்இசட்டில் போட்டுவிடுவது. இரண்டும் வேண்டாம். டிஎம்இசட்டில் போட்டால் வெளியிலிருந்து எந்தப் போர்ட்டை (எண் போட்ட நுழைவாசலை) தட்டினாலும் அது நேராக அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். நமக்கு வேண்டியது ஜாவா சர்வர் பயன்படுத்தும் 25565 என்ற ஒரே போர்ட், அதுவும் டிசிபி என்ற தகவல் அனுப்பும் முறைக்கு மட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. இதைப் பார்க்காமல்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போட்டு ரவுட்டருக்குள் போய் (பாஸ்வேர்டு பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும்) ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான்' ஐபி என்னவென்று பாருங்கள், ஆகாயம் இல்லை, ரவுட்டருக்கு இணையத்தின் பக்கம் இருக்கும் முகவரி. அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி, அதனால் உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளி ஆள் அதுவரை வந்து சேரவே மாட்டார். இணைப்பு கொடுப்பவரிடம் பப்ளிக் ஐபி (உங்களுக்கென்று தனிப் பொது முகவரி) கேளுங்கள், அல்லது இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் டெயில்ஸ்கேல், ஜீரோடையர் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு இதற்கு மேல் படிக்காமல் விட்டுவிடலாம். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் அநேகமாக ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கியது இன்னொன்று. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொல்லுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் மீதி சுலபம். ரவுட்டரில் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும்) பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஐபியை ரிசர்வ் செய்யுங்கள், இல்லையென்றால் என்றாவது முகவரி மாறி, அடுத்து நாம் போடப்போகும் விதி வேறு கருவிக்குப் போய்விடும். அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு வருவதை அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் விதி), டிபி-லிங்க்கில் வர்ச்சுவல் சர்வர் என்று இருக்கும். வெளிப் போர்ட், உள் போர்ட் இரண்டும் 25565, புரோட்டோகால் டிசிபி. பெட்ராக் (மொபைல், கன்சோல்களில் ஓடும் மைன்கிராஃப்ட்) சர்வர் என்றால் புரோட்டோகால் யுடிபி, போர்ட் 19132.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையா? விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். முதல் தடவை ஜாவா அனுமதி கேட்டபோது யாராவது கேன்சல் அழுத்தியிருந்தால் இன்பவுண்ட் ரூல்ஸில் (உள்ளே வருவதற்கான விதிகளில்) ஜாவாவைத் தடுக்கும் விதி உட்கார்ந்திருக்கும், அதை நீக்கிவிட்டு பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டு வைஃபையும் விண்டோஸில் பிரைவேட் என்றே இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்கட்டும், அது ஓடாதபோது போர்ட் செக்கர் (போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளம்) மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும். வீட்டு வைஃபையிலிருந்தே பொது முகவரியைத் தட்டிப் பார்ப்பதும் பல ரவுட்டர்களில் வேலை செய்யாது, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சர்வரில் ஒயிட்லிஸ்ட் (உள்ளே வரலாம் என்று பெயர் கொடுத்தவர்களின் பட்டியல்) போட மறக்காதீர்கள், 25565-ஐத் தேடி அலையும் ஸ்கேனர்கள் உண்டு. பரீட்சை சமயத்தில் ரவுட்டரில் அந்த போர்ட் ஃபார்வர்டிங் விதியின் டிக்கை எடுத்துவிடுங்கள், பையன் கத்துவான்.