மலைக்கிராமத்தில் இடைநின்ற பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போகும்போது பிள்ளைகளும் உடன் போய்விடுகிறார்கள். திரும்பி வந்ததும் "அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை மீண்டும் படி ஏறுவது அரிது. ஆகவே ஊருக்கு வந்த வாரத்திலேயே பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குச் சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி இடம் மறுக்க முடியாது.

அடுத்து வரும் தடை சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அங்கன்வாடிப் பதிவேடோ, பெற்றோரின் உறுதிமொழியோ போதும். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்திவைக்கக் கூடாது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் வழங்க வேண்டும் என்பதால் அதற்கு நாளாகும். உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் அது அவசியம் என்பதால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், ஆனால் அது கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இரண்டாம் வகுப்போடு நின்ற பதினொரு வயதுப் பையனை மறுபடி சிறுபிள்ளைகளோடு உட்கார வைத்தால், கூச்சத்தினாலேயே சில நாட்களில் நின்றுவிடுவான். அவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. இந்தப் பயிற்சி மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை நீளலாம். பதினான்கு வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமின்றிப் படிக்கலாம். பயிற்சிக்கு யார் பொறுப்பு, எந்த நாளில் தொடங்கும் என்று வட்டார வள மையத்தில் (வட்டார அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் தூரமானாலோ, வழியில் காடு குறுக்கிட்டாலோ, போக்குவரத்து வசதியும், பிள்ளைகளுக்குத் துணையாக வரும் வழிக்காவலரும் கேட்டு மனுக் கொடுங்கள். "பள்ளி தூரம்" என்று மட்டும் எழுதிய மனு எளிதில் ஓரங்கட்டப்படும். ஊரின் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு, எந்த ஓடை மழைக்காலத்தில் பெருகும், எந்த இடத்தில் யானை கடக்கும் என்பவற்றையெல்லாம் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள்.

தலைமையாசிரியர் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் மனுவைக் கொடுத்து ரசீது பெறுங்கள். கல்வி உதவி எண் 14417.

உண்டு உறைவிடப் பள்ளி நல்ல வழிதான். இருப்பினும், நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்கும்போது ஆறு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெற்றோர் மீண்டும் வேலைக்குக் கிளம்பும் காலம் நெருங்கினால், பிள்ளை தங்கிப் படிக்க விடுதியில் இடம் உண்டா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.