அட்டவணையை முதலில் படிக்க ஆரம்பித்தேன்

பட்டப்படிப்பில் என் கட்டுரைகள் திருத்தி வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒரே குறிப்பு இருக்கும்: "எல்லாரும் சொன்னதைத் தொகுத்திருக்கிறீர்கள். உங்கள் மதிப்பீடு எங்கே?" எப்படி மதிப்பிடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வழி காட்டியது உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்தும். வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்று, இரண்டிரண்டாகக் கூடும் என்ற தங்கள் ஊகத்துக்கு ஒத்துவருவதையே கேட்டார்கள். விதியோ வெறும் ஏறுவரிசைதான்! பொருந்தாது என்று நினைக்கும் 1, 2, 3ஐக் கேட்டிருந்தால் அவர்கள் ஊகம் அங்கேயே உடைந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆய்வுக் கட்டுரை படிக்கும் முறையை மாற்றினேன். சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு நேராக அட்டவணைக்குப் போவேன். எண்களைப் பார்த்து என் முடிவை இரண்டு வரி பென்சிலில் எழுதுவேன். அப்புறம்தான் ஆய்வாளர் சொல்வதைப் படிப்பேன். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் எழுத விஷயம் இருக்கிறது.

அடுத்து, இந்த முடிவு தவறென்றால் தரவு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பேன். நூலகத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று அட்டவணை காட்டுகிறது, சரி. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள்தான் அங்கே போகிறார்களோ? முந்தைய ஆண்டு மதிப்பெண் இல்லாமல் அதைப் பிரித்தறிவது கடினம். இதை ஒரு வாக்கியமாக எழுதினாலே மதிப்பீடு தொடங்கிவிடும்.

நேரம் பிடிக்கும், உண்மைதான். வாரத்துக்கு ஒரு கட்டுரையை மட்டும் இப்படிப் படியுங்கள். மற்றவற்றை வழக்கம்போலப் புரட்டலாம். முடிந்தால், உங்களோடு ஒத்துப்போகாத நண்பரிடம் அந்த இரண்டு வரியைக் காட்டுங்கள்.