முகம் ஒரு பக்கம் கோணலாகத் தெரிகிறதா?

இரு பக்கமும் அச்சாக ஒத்த முகம் எவருக்கும் இல்லை. செல்ஃபியை நம்பாதீர்கள், கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில், வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஐஸ்கிரீம் குச்சியைக் கடைவாய்ப் பற்களால் குறுக்காகக் கடித்தபடி இன்னொரு படம். கண்மணிகள் நேராக இருக்கக் குச்சி சரிந்தால் கோளாறு தாடையிலோ பல்வரிசையிலோ. குச்சியும் நேர், கன்னம் மட்டும் புடைப்பு என்றால் பெரும்பாலும் தசை.

சூத்தைப் பல்லுக்குப் பயந்து ஒரே பக்கம் மென்றால் அந்தத் தசை பருக்கும். பல்லைச் சரிசெய்து இரு பக்கமும் மெல்லுங்கள். மாற்றம் தெரிய மாதங்கள் பிடிக்கும். முகப் பயிற்சி வீடியோ எலும்பை நகர்த்தாது! பல்வரிசைக் கோணலுக்குப் பற்கம்பி, தாடைக் கோணலுக்கு வளர்ச்சி நின்றபின் தாடைச் சத்திரசிகிச்சை. இலங்கை மலையகத்தாருக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை கிட்டத்தில் இருக்கிறது. வெற்றிலை அடக்கும் கொடுப்பில் மூன்று வாரம் ஆறாத புண் இருந்தால், கோணலை விட்டு அதை முதலில் காட்டுங்கள்.

வாய் திடீரென இழுத்தால் "பனிக்காற்று" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாதமாக இருக்கலாம். புருவத்தை உயர்த்தும்போது அந்தப் பக்க நெற்றியும் சுருங்காவிட்டால் பெரும்பாலும் முகநரம்பு வாதம். அதற்கான ஸ்டீராய்டை 72 மணிநேரத்துக்குள் தொடங்க வேண்டும்.