கண் உலர்ச்சி: சொட்டு மருந்து மட்டும் ஏன் போதாது, வீட்டில் என்ன செய்யலாம்

சென்னைப் புழுக்கத்தில் துவைத்த சட்டையே காயாது, கண் எப்படிக் காயும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் நாம் புழுக்கத்திலா இருக்கிறோம்? பகல் முழுக்க ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் ஏ.சி., அப்புறம் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக், ராத்திரி முகத்துக்கு நேரே ஃபேன், கையில் போன். சாயங்காலமானால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும், எழுத்து மங்கும், ஒரு முறை இமைத்தால் தெளியும். வீட்டில் சொன்னால் "உடம்பு சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்கள். குளியுங்கள், நல்லதுதான். ஆனால் இதற்கு அது மருந்தில்லை.

இன்னொரு குழப்பம், கண்ணில் தண்ணீர் கொட்டும்போது அதை எப்படி உலர்ச்சி என்பது? கண் காய்ந்து உறுத்துவதால்தான் அந்தத் தண்ணீர் அவசரமாகச் சுரக்கிறது, சுரந்தும் கண்ணில் தங்காமல் வழிந்துவிடுகிறது. நல்ல கண்ணீரில் நீர் மட்டும் இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சளி போன்ற ஒரு பொருள், நீர், அதன் மேல் ஆவியாகாமல் காக்க மெல்லிய எண்ணெய்ப் படலம், இவ்வளவும் வேண்டும். அந்த எண்ணெயைச் சுரப்பவை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு இங்கேதான், நீர் குறைவதில் இல்லை. அதனால் சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தால், ஊற்றியது ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கண்ணை நன்றாக இமைத்துவிட்டு, மறுபடி இமைக்காமல் எண்ணுங்கள். 10 வினாடிக்குள் எரிந்தால் சந்தேகப்படலாம். இது தோராயம்தான், நோயை உறுதி செய்யாது. பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சிவந்திருந்தால் அது மெட்ராஸ் ஐயாக இருக்கலாம், அதற்கு வழி வேறு.

அடுத்து ஒத்தடம். முக்கியமான வேலை இதுதான், எல்லோரும் அரைகுறையாகச் செய்வதும் இதுதான். அடைபட்ட எண்ணெய் மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி, சூடு பட்டால்தான் இளகும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முதலில் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும். மூடிய இமை மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், ஆற ஆற மறுபடி நனைக்காவிட்டால் பயனில்லை. உடனே விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, முடி இருக்கும் ஓரம் நோக்கி மெதுவாக நீவுங்கள், கண்விழியை அழுத்த வேண்டாம். கடைசியில் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமை ஓரத்தைத் துடையுங்கள். தினமும் சில வாரம் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். இமையின் உள்விளிம்பில் கண் மை இழுப்பதை நிறுத்துங்கள், அது அந்தச் சுரப்பிகளின் வாயிலேயே போய் உட்காரும்.

சொட்டு மருந்து வேண்டும்தான். செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸோ சோடியம் ஹயலுரோனேட்டோ இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ்) இல்லாததை வாங்குவது நல்லது, ஏனென்றால் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பதனப்பொருளே கண்ணை உறுத்தும். அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு, அப்புறம் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. சிவப்பைப் போக்கும் மருந்து வேண்டாம், நிறுத்தியதும் சிவப்பு கூடித் திரும்பும். மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு சொட்டு வாங்கவே வாங்காதீர்கள், கண் அழுத்த நோயும் புரையும் வரலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

ஏ.சி. காற்றும் ஃபேனும் முகத்தில் படாமல் திருப்புங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, இமைப்பதும் பாதி இமைப்புதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தைப் பார்த்து, முழுதாக மூடி மூடித் திறங்கள். பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, இமைத்தும் மங்கல் தெளியாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, அருகில் வேறு கண் மருத்துவர் இருந்தால் அவரிடமும் போகலாம். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை 5 நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள், அதற்குப் பெயர் ஷிர்மர் சோதனை. தேவைப்பட்டால் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு தருவார்கள், கண்ணீர் வடியும் துளையைச் சின்ன அடைப்பானால் மூடவும் செய்வார்கள். வாயும் காய்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் மறக்காமல் சொல்லுங்கள், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய்க்குறியா என்று பார்ப்பார்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் எல்லாமே கண்ணை உலர்த்தக்கூடியவை.